பாஸ்புக்கை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்: நிச்சயமில்லாத வருடத்தில் ஒரு சிறிய ட்ரஸ்ட்டின் வரவு செலவுத் திட்டம்

ஒரு மார்ச் கடைசி வாரம். நான் பகுதிநேரமாகக் கணக்கு பார்த்துவந்த ட்ரஸ்ட்டின் இயக்குநர் அக்கா பாஸ்புக்கை என் பக்கம் தள்ளினார். "தம்பி, பதினோரு லட்சம் இருக்கு. இந்த ஏப்ரலைப் பயமில்லாம ஆரம்பிக்கலாம்."

கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து பிரித்துப் பார்த்தோம். அதில் 7,60,000 ஒரு கம்பெனி மார்ச் 20-ஆம் தேதி அவசர அவசரமாக அனுப்பியது, பள்ளிகளுக்கு டேப்லெட் வாங்க. 1,85,000 அரசுப் பயிற்சித் திட்டத்தில் செலவாகாமல் நின்ற பணம், திருப்பிக் கட்ட வேண்டியது. பி.எஃப்., டி.டி.எஸ்., ஆடிட் கட்டணம் என்று பாக்கி 65,000. மிச்சம் 90,000 ரூபாய். அந்த மாதச் சம்பளத்துக்கே பத்தாது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றார். ஆமாம், அப்படித்தான் இருந்தது.

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். டோனர் கொடுத்த காசு குரைக்கும். எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் அது போகும். தொண்டு நிறுவன பட்ஜெட்டுக்கும் கடை பட்ஜெட்டுக்கும் இருக்கிற முதல் வித்தியாசம் இது. இரண்டாவது வித்தியாசம், நம் வரவு எங்கோ யாரோ எடுக்கும் முடிவில் தொங்குகிறது. 2020 மார்ச் 28-ல், கொரோனா சமயத்தில், பிரதமர் பெயரிலான பி.எம். கேர்ஸ் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அதற்குக் கொடுப்பதும் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செய்ய வேண்டிய செலவு) கணக்கில் சேரும் என்றதும், கம்பெனிகளின் பணம் பெருமளவில் அந்தப் பக்கம் திரும்பியது. அதே வருடம் செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) திருத்தப்பட்டது. ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கிச் சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது, ஜூலை 1-ல் அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பே மூடப்பட்டது. இவை எதுவும் நம் வேலையின் தரத்தைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை.

அதனால் நான் பட்ஜெட்டைச் செலவிலிருந்து தொடங்குவதில்லை. செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. நிச்சயமில்லாதது வரவு. அதை நேராகப் பார்த்து, எந்தத் தேதியில் எதை நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது.

கணக்குப் போட்டுக் காட்ட ஒரு கற்பனை ட்ரஸ்ட்டை எடுத்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 12 மாலைநேரப் படிப்பு மையங்கள், இளம்பெண்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம், வருடத்துக்குச் சில மருத்துவ முகாம்கள். எண்கள் என்னுடையவை, ஆனால் இந்த அளவு ட்ரஸ்ட்களில் நான் பார்த்த எண்களின் சாயல்தான். வேலையை ஜனவரியில் ஆரம்பித்து பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச்சில் உட்கார்ந்தால் வருட முடிவுக் கணக்கும் யு.சி.யும் (கொடுத்த பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) கழுத்தைப் பிடிக்கும்.

படி 1: யார் காசு என்று பிரியுங்கள்

ஒரு எக்செல் தாளில் நான்கு பத்திகள் போதும். வெளிநாட்டுப் பணம், நோக்கம் குறிக்கப்பட்ட உள்நாட்டுப் பணம், கார்பஸ் (மூலதனமாகவே வைக்கச் சொல்லிக் கொடுத்த பணம்), கடைசியாக எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நம் பணம். வங்கியில் உள்ள ஒவ்வொரு ரூபாயும் இந்த நான்கில் ஒன்றில் உட்கார வேண்டும். உட்காராத ரூபாய் இருந்தால், பட்ஜெட்டை மூடிவைத்துவிட்டு முதலில் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

வெளிநாட்டுப் பணம் டெல்லி பாராளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்கும். அங்கிருந்து நம் ஊர் எஃப்.சி. (வெளிநாட்டு நன்கொடை) கணக்குக்கு மாற்றிக்கொள்கிறோம். அதை உள்நாட்டுப் பணத்தோடு கலப்பது சட்டப்படி குற்றம். "ரெண்டு நாள்தான், சம்பளம் போட்டுட்டு திருப்பிப் போட்டுடலாம்" என்ற கைமாற்றுக்கு இங்கே இடமே கிடையாது. உள்நாட்டுப் பிராஜெக்ட்டுகளுக்குள் கைமாற்று நடக்கும், எல்லோருக்கும் தெரியும். நடந்தால் டிரஸ்டிகள் தீர்மானம் போட்டு, திருப்பும் தேதியோடு எழுதி, அந்த டோனரின் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்றும் பார்த்துச் செய்யுங்கள்.

இதே உட்காரலில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு என்றைக்குக் காலாவதி? பதிவு 5 வருடத்துக்குத்தான். காலாவதிக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கும்படி 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. காலாவதித் தேதி வரும் நிதியாண்டுக்குள் விழுந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு வர வேண்டிய எஃப்.சி. தவணையை நிச்சய வரவு என்று எழுதாதீர்கள். பணம் கணக்கில் இருந்தும் தொட முடியாமல் போகலாம்.

படி 2: வரவை மூன்று தட்டில் போடுங்கள்

முதல் தட்டில் கையெழுத்தான ஒப்பந்தம், அல்லது பல வருடப் பழக்கத்தில் தவறாமல் வருவது. இரண்டாவதில் வர வாய்ப்பு அதிகம், ஆனால் தாளில் இல்லாதது. மூன்றாவதில் ஆசை.

| வரவு | தொகை (ரூ.) | தட்டு |
|---|---|---|
| வெளிநாட்டு டோனர், 3-ஆம் வருட ஒப்பந்தம் | 18,00,000 | 1 |
| தனிநபர் நன்கொடை | 6,50,000 | 1 |
| வட்டி, ஹால் வாடகை | 1,00,000 | 1 |
| சி.எஸ்.ஆர். கம்பெனி | 14,00,000 | 2 |
| அரசுப் பயிற்சித் திட்டம் | 5,00,000 | 2 |
| புதிதாக அனுப்பிய புரொபோசல்கள் | 6,00,000 | 3 |

முதல் தட்டு 25.5 லட்சம். இரண்டையும் சேர்த்தால் 44.5. ஆசையையும் சேர்த்தால் 50.5.

தனிநபர் நன்கொடை கடந்த மூன்று வருடங்களில் 6.5, 7.4, 7.1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான் சராசரி எடுக்கவில்லை, மூன்றில் குறைந்ததை எடுத்தேன். இப்போது அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய வருமான வரி முறையில், நன்கொடை கொடுத்தவருக்குக் கிடைக்கும் 80ஜி வரிக் கழிவு கிடையாது. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அந்த முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. மார்ச் மாதம் ரசீதுக்காகவே ஐயாயிரம் பத்தாயிரம் அனுப்பிய சம்பளக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். மாதம் 300 ரூபாய் அனுப்புகிற ஆசிரியர் நின்றுவிட மாட்டார். மார்ச்சில் மட்டும் வருபவர்கள் நிற்கலாம்.

வெளிநாட்டு டோனர் யூரோவிலோ டாலரிலோ சொல்லியிருந்தால், இன்றைய மாற்று விகிதத்தில் ரூபாய் போடாதீர்கள். சற்றுக் குறைத்தே போடுங்கள். கூடுதலாக வந்தால் திட்டத்துக்கு நல்லது.

கம்பெனிப் பணத்தை ஏன் இரண்டாம் தட்டில் போட்டேன்? "கண்டினியூ பண்ணுவோம் சார், கவலைப்படாதீங்க" என்று அந்த அதிகாரி போனில் சொல்லியிருப்பார். நல்ல மனிதர்தான். அடுத்த மாதம் அவர் வேறு கம்பெனியில் இருப்பார். சட்டம் கம்பெனியை முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2% செலவு செய்யச் சொல்கிறதே தவிர, உங்களிடம் செலவு செய்யச் சொல்லவில்லை. போர்டு இந்த வருடம் கல்வியை விட்டு ஏரி தூர்வாரலுக்குப் போனால் கதை முடிந்தது. அரசுத் திட்டத்திலும் இதே எச்சரிக்கை. ஆர்டர் வந்துவிட்டது என்பதும் பணம் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. கடைசித் தவணை எப்போதும் யு.சி.க்குப் பின்னால்தான் வரும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரவையும் அது வரும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுவது. 14 லட்சம் வர 50% வாய்ப்பு, எனவே 7 லட்சம் என்று போடுவார்கள். கேட்க அறிவாளித்தனமாக இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி 14 லட்சம் கொடுக்கும் அல்லது ஒன்றும் கொடுக்காது, 7 லட்சம் ஒருநாளும் வராது. நூற்றுக்கணக்கான சிறு நன்கொடையாளர்கள் இருக்கும் இடத்தில் இந்தப் பெருக்கல் ஓரளவு வேலை செய்யும். இரண்டு பெரிய டோனரை நம்பி நிற்கிற ட்ரஸ்ட்டுக்கு அது வெறும் கற்பனை எண்.

படி 3: ஒரு மையத்துக்கு உண்மையில் என்ன செலவு?

ஒரு படிப்பு மையத்தின் கணக்கு இது. ஆசிரியை மதிப்பூதியம் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. வாடகை, கரண்ட் 18,000. சுண்டல்: 30 பிள்ளைகள், தலைக்கு 8 ரூபாய், மாதம் 22 நாள், 10 மாதம் என்றால் 52,800. நோட்டு, சாக்பீஸ், விளையாட்டுச் சாமான் 9,200. மொத்தம் 1,52,000. "ஒரு மையத்தைத் தத்தெடுக்க எவ்வளவு ஆகும்?" என்று யாராவது கேட்டால் இந்த எண்ணைத்தான் சொல்கிறோம்.

அந்த மையத்துக்குப் போய் வருகிற ஒருங்கிணைப்பாளர் யார் காசில் சம்பளம் வாங்குகிறார்? மூன்று பேர், தலைக்கு 16,000, வருடத்துக்கு 5,76,000. பன்னிரண்டு மையத்துக்குப் பிரித்தால் மையத்துக்கு 48,000. இதோடு 2,00,000 ஆயிற்று.

அடுத்து, எந்தப் பிராஜெக்ட் வந்தாலும் போனாலும் நிற்காத கோர் செலவு. இயக்குநர் 3,60,000, கணக்காளர் 2,16,000, அலுவலக வாடகை 1,20,000, பயணம் 1,20,000, ஆடிட் 60,000, கரண்ட்-போன்-இன்டர்நெட் 48,000, ரிப்பேர் 30,000. ஆக 9,54,000, மாதம் 79,500. மையங்கள், ஒருங்கிணைப்பாளர்கள், கம்ப்யூட்டர் பயிற்சி (8 லட்சம்), முகாம் (3 லட்சம்) ஆகிய எல்லா நேரடிச் செலவும் சேர்ந்து 35 லட்சம். கோர் செலவு அதில் சுமார் 27%. மையத்தின் பங்கு ஏறக்குறைய 54,500.

ஆக, ஒரு மையத்தின் உண்மை விலை 2,54,500. நாம் சொன்னது 1,52,000. ஒவ்வொரு முறை ஒரு நல்ல உள்ளம் ஒரு மையத்தைத் தத்தெடுக்கும்போதும் 1,02,500 ரூபாயை நாம் வேறெங்கோ தேட வேண்டியிருக்கிறது. தத்தெடுப்பு கூடக்கூட ட்ரஸ்ட் இளைக்கும். இதைப் பல வருடம் நானே கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

"ஓவர்ஹெட் (நிர்வாகச் செலவு) கொடுக்க மாட்டோம், சட்டம் 5%-தான் அனுமதிக்கிறது" என்று சில கம்பெனிகளில் சொல்வார்கள். மரியாதையாக விளக்குங்கள். சி.எஸ்.ஆர். விதியிலுள்ள 5% வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் செலவுக்கு அந்த வரம்பு பொருந்தாது. கம்பெனி தன் கொள்கையாகக் குறைவாகக் கொடுக்கலாம், அது வேறு விஷயம். அதைச் சட்டத்தின் தலையில் கட்டக்கூடாது.

எஃப்.சி. பணத்தில் வரம்பு நிஜமாகவே உண்டு. 2020 திருத்தத்துக்கு முன் 50% வரை நிர்வாகச் செலவுக்கு எடுக்கலாம், இப்போது 20%. மருத்துவமனையின் டாக்டர் சம்பளம், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் போல நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு நிர்வாகத்தில் சேராது. நம் மைய ஆசிரியைகள் அந்த வகை. களத்தில் சுற்றும் ஒருங்கிணைப்பாளரையும் திட்டச் செலவாகவே நான் எழுதுவேன். ஆனால் அவர்கள் வேலை விவரத்தைத் தாளில் வைத்து ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 4: மோசமான வருடத்தின் பட்ஜெட்டை முதலில் போடுங்கள்

வழக்கமாக முழு பட்ஜெட்டைப் போட்டுவிட்டு, பணம் வராதபோது வெட்டுவோம். நான் தலைகீழாகச் செய்வேன். முதல் தட்டு மட்டும்தான் வருகிறது, 25.5 லட்சம். அதில் எவ்வளவு ஓடும்?

எஃப்.சி. 18 லட்சத்தில் 20%, அதாவது 3,60,000 கோர் செலவுக்கு. மீதிக் கோர் 5,94,000 உள்நாட்டுப் பணத்திலிருந்து வர வேண்டும். நன்கொடையும் வட்டியும் சேர்ந்து 7,50,000 இருக்கிறது, அதில் எடுத்தால் மிச்சம் 1,56,000. எஃப்.சி.யில் திட்டத்துக்கு 14,40,000 இருக்கிறது. ஏழு மையமும் இரண்டு ஒருங்கிணைப்பாளரும் 14,48,000. எட்டாயிரம் இடிக்கிறது, அதை உள்நாட்டு மிச்சத்தில் போட்டால் 1,48,000 நிற்கும்.

அதாவது மோசமான வருடத்திலும் ஏழு மையம் நிச்சயம். இந்த ஒரு வரி டிரஸ்டி கூட்டத்தில் எத்தனை மூச்சுத்திணறலைக் குறைக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதுவரை போட்ட கணக்கில் ஒன்று இல்லை, கவனித்தீர்களா? கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தும். ஒன்பது வருடம் இருந்த கணக்காளர் 18,000 சம்பளத்தில் விலகினால் 18,000 × 15 ÷ 26 × 9, ஏறக்குறைய 93,500 ரூபாய் கொடுக்க வேண்டும். அது எந்தப் பிராஜெக்ட்டிலும் இருக்காது. மோசமான பட்ஜெட்டில் உள்ள நான்கு ஊழியர்களுக்கு (மாதச் சம்பளம் மொத்தம் 80,000) வருடத்துக்கு 46,000 ஒதுக்க வேண்டும். மிச்சம் 1,02,000 ஆகிறது. பத்துப் பேர் எண்ணிக்கை வந்தால் இ.எஸ்.ஐ., இருபது வந்தால் பி.எஃப். என்று அடுத்தடுத்த வாசல்களும் உண்டு. மதிப்பூதியம் என்று பெயர் வைத்துவிட்டதால் ஆசிரியைகள் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாம் தட்டும் வந்தால் 12 மையம், மூன்று ஒருங்கிணைப்பாளர், பயிற்சி, முகாம் எல்லாம் சேர்ந்து 44.54 லட்சம். வரவு 44.5. கிராஜுவிட்டியைக் கூட இன்னும் சேர்க்கவில்லை, முகாமில் ஒன்றைக் குறைத்துத்தான் இடம் செய்ய வேண்டும். மூன்றாம் தட்டுக்கு பட்ஜெட்டே போடாதீர்கள். வந்தால் அன்றைக்கு யோசிக்கலாம், முக்கால்வாசி அது தன்னோடு ஒரு புதுச் செலவையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

படி 5: நிறுத்தும் தேதியைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான பட்ஜெட்கள் கோட்டைவிடுகின்றன. "சி.எஸ்.ஆர். வரவில்லை என்றால் ஐந்து மையத்தை நிறுத்துவோம்" என்று எழுதுவார்கள். எப்போது என்று எழுத மாட்டார்கள். பிறகு அந்தக் கம்பெனி "அடுத்த வாரம் போர்டு மீட்டிங்" என்று சொல்லிக்கொண்டே டிசம்பர் வரை இழுக்கும்.

தேதி உணர்ச்சியில் வருவதல்ல, கணக்கில் வருவது. கூடுதல் ஐந்து மையமும் மூன்றாவது ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து மாதம் 79,333 ரூபாய் தின்னும். கையில் மிச்சம் 1,02,000. கையிருப்பிலிருந்து 2,15,000 வரை எடுக்க டிரஸ்டிகள் சம்மதிக்கிறார்கள் என்று வைப்போம். மொத்தம் 3,17,000, நான்கு மாதம் தாங்கும். ஏப்ரலில் தொடங்கினால் ஜூலையோடு தீர்ந்தது. ஆசிரியைகளுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆகவே முடிவெடுக்கும் தேதி ஜூன் 30. அன்று மாலைக்குள் கையெழுத்தான தாள் வந்திருக்க வேண்டும். போன் உறுதிமொழி தாளாகாது.

கையிருப்பே இல்லாத ட்ரஸ்ட் என்றால்? 1,02,000 ஒரு மாதம் சொச்சம்தான் வரும். அப்போது ஐந்து மையத்தையும் ஏப்ரலிலேயே நிறுத்திவைத்து, பணம் வந்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது திறப்பதுதான் நேர்மை. நடுவருடத்தில் நவம்பர் மாதம் ஒரு நாள் மாலை பிள்ளைகள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த ஐந்து என்பதையும் இப்போதே எழுதுங்கள். பிள்ளைகள் குறைந்த மையமா, அருகில் வேறு வசதி இருக்கும் ஊரா, பஞ்சாயத்து இடம் கொடுத்து ஊரே பாதி சுமக்கத் தயாராக இருக்கும் மையத்தைத் தக்கவைப்பதா? நெருக்கடியில் எடுத்தால் கடைசியாகச் சேர்ந்த ஆசிரியையின் மையம்தான் பலியாகும், காரணமே இல்லாமல்.

படி 6: மாதவாரியாகப் பரப்புங்கள்

வருடக் கணக்கு சரியாக இருந்தும் ஜூலையில் சம்பளம் போட முடியாமல் போகலாம். எஃப்.சி. டோனர் மே, நவம்பர் என்று இரண்டு தவணை என்பார். முதல் தவணைக்கு ஆடிட் செய்த கணக்கு கேட்பார், ஆடிட்டர் ஜூலைக்கு முன் தொட மாட்டார். கம்பெனிப் பணம் பெரும்பாலும் வருடத்தின் பின்பாதியில்தான் இறங்கும்.

பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பத்தி. ஒவ்வொரு தவணையையும் ஒப்பந்தத்திலுள்ள மாதத்தில் போடாமல், கடந்த வருடம் உண்மையில் வந்த மாதத்தில் போடுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால் பல டோனர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு தாமதிப்பது தெரியும். மாத இறுதி இருப்பை எஃப்.சி.க்கும் உள்நாட்டுக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டையும் கூட்டிக் காட்டும் தாள் பொய் சொல்லும். உள்நாட்டு இருப்பு கழித்தல் குறிக்குப் போகும் மாதத்தைச் சிவப்பில் தீட்டுங்கள். அந்த மாதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதெல்லாம் மூன்று: ஆடிட்டை முன்கூட்டி முடிப்பது, டோனரிடம் தவணையை மாற்றக் கேட்பது, தள்ளிப்போடக்கூடிய கொள்முதலைத் தள்ளுவது.

மார்ச்சில் வந்து இறங்கும் பணம் வேறு வகைத் தொல்லை. வருமான வரிச் சலுகைக்கு வருட வருமானத்தில் 85% நோக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டும். மார்ச் 20-ல் வந்த ஏழரை லட்சத்தை பத்து நாளில் எப்படிச் செலவழிப்பது? அவசரப்பட்டு தேவையில்லாததை வாங்க வேண்டாம். அடுத்த வருடம் செலவழிப்பதாகத் தெரிவிக்கவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காக 5 வருடம் வரை சேர்த்துவைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. பழைய 1961 சட்டத்தில் அவற்றுக்குப் படிவம் 9ஏ, படிவம் 10. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்தப் பணத்துக்கு வரி கட்டும் நிலை வரலாம்.

படி 7: கையிருப்பு

"தொண்டு நிறுவனம் பணம் சேர்க்கலாமா?" என்று இன்னும் சில டிரஸ்டிகள் கேட்கிறார்கள். சேர்க்கலாம். அந்த 85%-க்கு மேல் உள்ள 15%-ஐ யாருக்கும் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

முதல் குறி மூன்று மாதக் கோர் செலவு, நம் கணக்கில் 2,38,500. ஆறு மாதம் என்றால் 4,77,000. ஒரே வருடத்தில் வராது. தனிநபர் நன்கொடையில் மாதம் 5,000 தனிக் கணக்குக்குப் போனால் வருடத்துக்கு 60,000, நான்கு வருடத்தில் முதல் குறியைத் தாண்டிவிடும். பணத்தை வங்கி டெபாசிட்டில் போடுங்கள். டிரஸ்டியின் தம்பி நடத்தும் சீட்டில் நல்ல வட்டி வருகிறது என்றால் அது அவர் வீட்டுப் பணத்துக்கு. ட்ரஸ்ட் பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது, அதை மீறினால் வரிச் சலுகை பாதிக்கப்படும்.

கார்பஸைக் கையிருப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கொடுத்தவர் "மூலதனமாக வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்தது, வட்டிதான் நமக்கு.

படி 8: பேச வேண்டியவர்களிடம் முன்னாலேயே பேசுங்கள்

டோனரிடம் பிப்ரவரியில் போய், மோசமான பட்ஜெட்டையும் முழு பட்ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "நீங்கள் வராவிட்டால் இந்த ஐந்து ஊர் நிற்கும், ஜூன் 30 எங்கள் கடைசித் தேதி" என்று சொல்வது மிரட்டல் இல்லை. உள்ளே உட்கார்ந்து நமக்காகப் பேசும் அதிகாரிக்கு அது ஒரு பிடிமானம். கேட்க வேண்டியவை சிறியவை: ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10% வரை மாற்ற அனுமதி, முதல் தவணையை ஒரு மாதம் முன்னால் தர முடியுமா, செலவாகாத பணத்துக்குக் கூடுதல் காலம்.

ஊழியர்களிடம் பேசுவதுதான் கஷ்டம். மறைத்தால் அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், டீ வாங்கி வரும் அக்காவுக்கு முதலில் தெரியும். நான் பார்த்த ஒரு கூட்டத்தில் எண்களைக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு ஆசிரியை எழுந்து, "சார், எங்க ஊர்ல வாடகையைப் பஞ்சாயத்துல பேசி நிறுத்திடலாம். சுண்டலுக்கு ஊர்ல வாரம் ரெண்டு நாள் கேக்கலாம்" என்றார். அந்த மையத்தில் வருடத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சமானது. அலுவலகத்தில் உட்கார்ந்து எங்களுக்கு அது தோன்றவில்லை.

படி 9: மாதம் ஒரு தாள், கூட்டத்தில் ஒரு தீர்மானம்

ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் ஒரே ஒரு தாள். கட்டுப்பாடில்லாத பணம் இன்று எவ்வளவு, அது எத்தனை மாதக் கோர் செலவுக்கு வரும், எந்தத் தலைப்பில் 10%-க்கு மேல் விலகல், இரண்டாம் தட்டிலிருந்து எது முதல் தட்டுக்கு ஏறியது அல்லது இறங்கியது, அடுத்த முடிவுத் தேதிக்கு எத்தனை நாள். ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பட்ஜெட்டை நிறைவேற்றும் கூட்டத்தில், தேதிகளும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஜூன் 30 அன்று "இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமே" என்ற குரல் ஜெயிக்கும். நான் எழுதித் தரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும், ஊர்ப் பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"வரும் நிதியாண்டுக்கு ரூ. 25,50,000 வரவுள்ள குறைந்தபட்ச பட்ஜெட்டும், ரூ. 44,50,000 வரவுள்ள முழு பட்ஜெட்டும் ஏற்கப்படுகின்றன. ஜூன் 30-க்குள் சி.எஸ்.ஆர். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை எனில், இணைப்பில் கண்ட ஐந்து மையங்களுக்கு ஜூலை 1 அன்று முன்னறிவிப்பு கொடுத்து ஜூலை 31-ல் நிறுத்திவைக்க இயக்குநருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. இதற்கு மறு கூட்டம் தேவையில்லை. அதுவரை கையிருப்பு நிதியிலிருந்து ரூ. 2,15,000-க்கு மிகாமல் எடுக்கலாம். எடுத்த தொகை முதலில் வரும் கட்டுப்பாடில்லாத நன்கொடையிலிருந்து திருப்பி வைக்கப்பட வேண்டும்."